மோட்டார் வைண்டிங் வீட்டுப் பையனுக்கு பஞ்சு வெச்ச ஆப்பு

மொதல்லயே சொல்லிடறேன், இது வேப்புக்கு, அதான் நிக்கோட்டின் ஜூஸ சூடாக்கி ஆவியா இழுக்கற எலக்ட்ரானிக் சிகரெட்டுக்கு, நானே காயில் கட்டிப் பழகின கதை, சிகரெட் பழக்கமே இல்லாதவங்க இத படிச்சுட்டு ஆசைப்பட்டு எறங்காதீங்க, நிக்கோட்டின் எந்த ரூபத்துல வந்தாலும் நிக்கோட்டின்தான், ஒட்டிக்கிட்டா லேசுல விடாது. நான் 14 வருசம் ஊதுன ஆளு. கோயமுத்தூர்ல கோல்டு ஃப்ளேக்ல ஆரம்பிச்சு, இங்க இங்கிலாந்துல லெஸ்டர் வந்தப்பறம் ஒரு பாக்கெட் சிகரெட் வெலயப் பாத்து மெரண்டு சுருட்டுற புகையிலைக்கு மாறி, அங்கருந்து வேப்புக்கு வந்தேன். சிகரெட்ட அடியோட விட்டுட்டேன், வேப்ப இன்னும் விடல, அதுதான் இன்னிக்கு நெலம.

2025 ஜூன் 1லருந்து இங்க யூஸ் அண்ட் த்ரோ வேப் விக்கவே கூடாதுன்னு சட்டம் வந்துச்சா, அதுவரைக்கும் நான் அந்த கலர் கலர் குச்சியதான் வாங்கிட்டு இருந்தேன், வேற வழியில்லாம ஒரு மோடும் (பேட்டரியும் பட்டனும் இருக்கற பாகம்) டேங்கும் (ஜூஸ் ரொப்பி அது மேல மாட்டறது) வாங்கினேன். டேங்குக்குள்ள ஜூஸ சூடாக்கற ரெடிமேட் காயில் ஹெட் அஞ்சு இருக்கற பேக் 11 பவுண்டு. ஒண்ணு எட்டு நாள் பத்து நாள் வரும், அப்பறம் கருகுன வாசம். ஒருநாள் கடுப்புல செத்துப்போன ஒரு ஹெட்ட கட்டிங் ப்ளேயர் வெச்சு நசுக்கி ஒடச்சுப் பாத்தேன். உள்ள அஞ்சாறு சுத்து கம்பி, அதுக்குள்ளயும் சுத்தியும் கொஞ்சம் பஞ்சு. அவ்ளோதாங்க. இதுக்கா ரெண்டு பவுண்டுக்கு மேல குடுத்துட்டு இருந்தோம்னு வயிறு எரிஞ்சுது.

அந்த எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எங்கப்பாவுக்கு கோயமுத்தூர் கணபதியில மோட்டார் வைண்டிங் கடை. டவுசர் போட்ட காலத்துலருந்தே ஸ்டேட்டர்ல கம்பி எறக்கி, டர்ன் எண்ணி, வார்னிஷ் வாசத்துலயே வளந்தவன் நானு. இப்ப இங்க ஒரு ஃபேக்டரில மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன். 10 ஹெச்பி மோட்டாரையே பிரிச்சு கட்டுற பரம்பரைக்கு ஆறு சுத்து கம்பி ஒரு மேட்டரான்னு நெனச்சேன். அந்த நெனப்புதான் என்னைய நாலு வாரம் அலைய விட்டுச்சு.

சொந்தமா காயில் கட்டுற அட்டமைசர்ல (ஜூஸ ஆவியாக்கற மேல் பாகம்) முக்கியமா ரெண்டு ரகம். ஒண்ணுல டேங்கே கெடையாது, ஜூஸ சொட்டு சொட்டா காயில் மேலயே விட்டு இழுக்கணும். இன்னொண்ணுல மேல டேங்க் இருக்கும், ஜூஸ் தானா எறங்கி பஞ்சுக்கு வரும். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் மூணெழுத்துப் பேரு, RDA, RTA, நடு எழுத்து மட்டும் வேற, ஆனா தமிழ்ல எழுதினா ரெண்டுமே ஆர்டிஏதான்! ஃப்ரெண்டுகிட்ட வாட்ஸப்ல தமிழ்ல டைப் பண்ணி எது வாங்கலாம்னு கேட்டு, அவன் ஒண்ணச் சொல்ல நான் இன்னொண்ண ஆர்டர் போட்டு, அத ரிட்டர்ன் பண்ணி, அது தனிக்கதை. இனிமே ட்ரிப்பர், டேங்க்னே சொல்றேன், கொழப்பம் வேண்டாம். நான் கடைசியா வாங்கினது ஒத்த காயில் போடற சின்ன டேங்க், சிகரெட் மாதிரி மொதல்ல வாய்க்கு இழுத்து அப்பறம் உள்ள விடற ரகம். 2 மில்லிதான் புடிக்கும், ஏன்னா இங்க 2016 சட்டப்படி டேங்க் அதுக்கு மேல இருக்கக்கூடாது, நிக்கோட்டின் ஜூஸ் பாட்டிலும் 10 மில்லிக்கு மேல கெடையாது.

கம்பி வந்து காந்தால். இரும்பு, குரோமியம், அலுமினியம் மூணும் கலந்தது, ஹால்ஸ்டாஹம்மர்ங்கற ஸ்வீடன் ஊர்ல ஹான்ஸ் ஃபான் காண்ட்சோங்கறவரு கண்டுபுடிச்சு, அவர் பேர்ல பாதி ஊர் பேர்ல பாதி சேத்து வெச்ச பேருதான் காந்தால். ஹாஸ்டல்ல வார்டனுக்கு தெரியாம மேகி செஞ்ச காயில் அடுப்பு நைக்ரோம்னா, இது அதுக்குப் பங்காளி. 26 கேஜ், 10 மீட்டர் ரோல், 4 பவுண்டு. ஒரு காயிலுக்கு ஏழரை சென்டிமீட்டர் போகும், கணக்குப் போட்டுக்கங்க.

மொத சறுக்கல் இங்கதான். எங்க கடையில 26 கேஜுன்னா 0.457 மி.மீ., தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்த தடிமனுக்கு காந்தால் மீட்டருக்கு சுமார் 8.8 ஓம். 3 மி.மீ. ட்ரில் பிட்டு மேல ஆறு சுத்து, ஸ்க்ரூல மாட்டற ரெண்டு காலும் சேத்து ஏழரை செ.மீ., ஆக 0.66 ஓம் வரணும். ஜம்முனு சுத்தி மாட்டி மோட்ல வெச்சா 0.83ன்னு காட்டுது. சரி ஸ்க்ரூ லூசா இருக்கும்னு இன்னும் இறுக்கினேன், அதே 0.83. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன், ஸ்க்ரூ ஓரத்துல கம்பி வெட்டிப்போச்சு. மறுபடி சுத்தினேன், மறுபடி 0.83. கம்பெனி மல்டிமீட்டர் எடுத்துட்டு வந்து அளந்தா அது 1.1ங்குது, அப்பறந்தான் ஒறைச்சுது, ரெண்டு ப்ரோபையும் ஒண்ணோட ஒண்ணு வெச்சாலே அந்த மீட்டர் 0.3 காட்டும், ஒயருக்குள்ள போற ஓம் அது, மோட்டார்ல இத யாரு பாத்தா, இந்த மாதிரி ஒத்த ஓமுக்குள்ள இருக்கற வெளையாட்டுலதான் அது கழுத்தறுக்குது. மோட் காட்டினதுதான் சரி. அப்ப தப்பு என் கணக்குல. வெர்னியர் போட்டு கம்பிய அளந்தேன், 0.40. நம்மூர் வைண்டிங் கம்பி பூராம் பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன எஸ்டபிள்யூஜி கேஜ். பிரிட்டன்ல ஒக்காந்து நான் வாங்கின கம்பி அமெரிக்கக்காரன் ஏடபிள்யூஜி கேஜ். அதுல 26ன்னா 0.405 மி.மீ., மீட்டருக்கு 11.2 ஓம். ஒரு சாயங்காலமே போச்சு இதுல.

இன்னொரு விசயம் என் மண்டைய கொடஞ்சுது. மோட்டார் கம்பிக்கு எனாமல் கோட்டிங் இருக்கும், சுத்து சுத்து ஒட்டி இருந்தாலும் ஷார்ட் ஆகாது, கோட்டிங் போச்சுன்னா மோட்டாரே போச்சு. இங்க கோட்டிங் இல்லாத வெறுங்கம்பிய ஒட்டி ஒட்டி சுத்தச் சொல்றாங்க, கரண்ட் சுத்தாம குறுக்கால தாண்டிப் போயிடாதா? நெஜமாவே மொதல்ல அப்படித்தான் போகுது, மொத ரெண்டு மூணு தடவ பட்டன அமுக்கி ஃபயர் பண்ணும்போது ஒரு ஓரம் பளீர்னு எரியும், இன்னொரு ஓரம் செத்துக் கெடக்கும், ஓமும் குதிக்கும். ஆனா சூடு ஏற ஏற காந்தால்ல இருக்கற அலுமினியம் மேல வந்து ஆக்சைடா படிஞ்சுருது, அது கரண்ட கடத்தாது. அதாவது கம்பி தனக்குத்தானே எனாமல் பூசிக்குது. இத புரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, பொண்டாட்டிய கூப்பிட்டு காட்டினேன், அவ ஒரு தடவ பாத்துட்டு ம்ம்னு சொல்லிட்டு சீரியலுக்கு போயிட்டா.

அதனால செய்முறை இதுதான்: பஞ்சு போடறதுக்கு முன்னாடி, 10 வாட்டுக்கு கீழ வெச்சு, ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் தட்டித் தட்டி ஃபயர் பண்ணணும். பளீர்னு எரியற எடத்த பீங்கான் முனை வெச்ச ட்வீசரால வீணை மீட்டற மாதிரி மெதுவா வருடி விடணும், நடுவுல நடுவுல பட்டன விட்டுட்டு காயில ரெண்டு பக்கமும் புடிச்சு லேசா அமுக்கணும். கொஞ்ச நேரத்துல நடுவுலருந்து ரெண்டு ஓரத்துக்கும் செவப்பு சீரா பரவும். பீங்கான் முனை ஏன்னா, நான் மொதல்ல கம்பெனி டூல் பாக்ஸ்லருந்து ஸ்டீல் ட்வீசர எடுத்துட்டு வந்து ஃபயர் பண்ணிட்டே வருடினேன், மோட் ஷார்ட்டுன்னு எழுதிக் காட்டிட்டு ஆஃப் ஆயிடுச்சு. எலக்ட்ரீசியன்னு வெளிய சொல்லிக்காதீங்க.

அப்பறம் கால் மாட்டற தெச. ஸ்க்ரூ இறுகும்போது எந்தப்பக்கம் சுத்துதோ அந்தப்பக்கமே கம்பி வளைஞ்சு இருக்கணும், அப்பதான் இறுக இறுக உள்ள இழுக்கும், மாத்தி போட்டா வெளிய தள்ளி விட்ரும், காயிலும் கோணிக்கும். மிச்சம் இருக்கற கம்பிய ஸ்க்ரூவ ஒட்டி நறுக்கணும், அரை மி.மீ. நீட்டிட்டு இருந்து மேல மூடி போடும்போது அதுல பட்டாலும் ஷார்ட்டுதான். காயில் ஒசரம், காத்து வர்ற ஓட்டைக்கு மேல ஒரு ஒன்னு, ஒன்றரை மி.மீ. ரொம்ப எறக்கினா இழுக்கும்போது விசில் அடிக்குது, சூடா ஜூஸ் நாக்குல தெறிக்குது.

இதெல்லாம் சேத்து மூணு நாள். காயில் கதை முடிஞ்சுது. பஞ்சுக்கு மூணு வாரம் ஆச்சு.

எல்லாரும் பேசறது கம்பியப் பத்தித்தான். எந்த கேஜ், எத்தன ஓம், முறுக்கின கம்பியா ஒத்தக் கம்பியான்னு மணிக்கணக்கா வீடியோ இருக்கு. பஞ்சுக்கு வந்தா போதுமான அளவு வைக்கவும்னு ஒரு வரியில முடிச்சிடறானுங்க, ரெசிபில உப்பு தேவைக்கேற்பன்னு போடற மாதிரி. சமைக்கத் தெரிஞ்சவனுக்கு அது போதும், தெரியாதவன் என்ன பண்ணுவான்?

மொத தடவ சூப்பர்மார்க்கெட்ல மேக்கப் தொடைக்கற பஞ்சு பேட் வாங்கி, மேல கீழ இருக்கற அழுத்தின தோல உரிச்சுட்டு நடுப்பஞ்ச எடுத்து, நல்லா தடியா காயில்ல திணிச்சேன். நெறைய பஞ்சு இருந்தா நெறைய ஜூஸ் குடிக்கும்ல? ரெண்டு இழுப்பு அமிர்தம். மூணாவது இழுப்பு, தாளிக்கும்போது மொளகா வத்தல் கருகி அந்த நெடி நேரா தொண்டைக்குள்ள எறங்குன மாதிரி, கண்ணுல தண்ணி, இருமல் நிக்க அஞ்சு நிமிசம். பிரிச்சுப் பாத்தா பஞ்சு வெளிய ஈரமா இருக்கு, காயிலுக்குள்ள நடுவுல மட்டும் பழுப்பா கருகி இருக்கு. அந்தப் பஞ்ச எத்தன தடவ நனைச்சாலும் கருகல் வாசம் போகாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

சரின்னு அடுத்த தடவ பஞ்ச பாதியாக்கினேன். அன்னிக்கு நைட் ஷிஃப்ட். பேண்ட் பாக்கெட்ல போட்டுட்டுப் போனவன், ரெண்டு மணிக்கு பிரேக்ல கை விட்டா பாக்கெட் பூராம் பிசுபிசுன்னு மாம்பழ வாசம். 2 மில்லியும் காத்து ஓட்ட வழியா வெளிய. கூட இருந்த போலந்துக்காரர் யாரோ ஜாம் கொட்டிட்டாங்கன்னு தேடிட்டு இருந்தாரு, நான் வாயத் தொறக்கல.

இப்படியே மாத்தி மாத்தி, கூட வெச்சா கருகுது, கொறச்சா ஒழுகுது. அளவு நடுவுல எங்கயோ இருக்குன்னு ஏழெட்டு தடவ போட்டேன், சமையல் தராசுல பஞ்ச எடை போட்டுக்கூடப் பாத்தேன், முள்ளே அசையல. இதுல டிசம்பர் குளுரு வேற. வீட்டுக்குள்ள இந்தக் கருமத்த பண்ணக்கூடாதுன்னு உத்தரவு, தோட்டத்து ஷெட்டுல ஒக்காந்துதான் எல்லாம். ஜூஸ்ல கிளிசரின் நூத்துக்கு 70 பங்கு, அந்தக் குளுருல அது வெளக்கெண்ண மாதிரி மொத்தமா நிக்குது, பாட்டில சாச்சா வரவே மாட்டேங்குது.

கார்த்திகை தீபத்தன்னிக்குத்தான் விடிவு. வீட்டுக்காரம்மா ஹால்ல ஒக்காந்து அகலுக்கு திரி திரிச்சுட்டு இருந்தா. நான் ஷெட்டுலருந்து கைகால் வெறைச்சுப்போயி உள்ள வந்து, டேங்க கையில வெச்சுட்டு ஸ்க்ரூட்ரைவர் முனையால பஞ்ச ஜூஸ் எறங்கற குழிக்குள்ள குத்திக் குத்தி அடைச்சுட்டு இருந்தேன். அவ எட்டிப் பாத்தா.

"ஏங்க, திரிய இப்படி அமுக்கி வெச்சா எண்ண எப்படிங்க ஏறும்?"

"அமுக்கலேன்னா ஒழுகுது."

"வெளக்குல திரி எரியற எடம் கெட்டியா இருக்கணும், எண்ணெல கெடக்கற வாலு பிரிஞ்சு இருக்கணும். நீங்க எல்லா எடத்தையும் ஒரே மாதிரி போட்டா?" அவ தொடைல வெச்சு உருட்டுன ஒரு திரிய எடுத்துக் காட்டுனா. முனை ஊசி மாதிரி முறுக்கி இருந்துச்சு, அடிப்பக்கம் விரல்ல ஒரு இழு இழுத்து கலைச்சு விட்டு இருந்தா. நல்லெண்ணெல வெச்சதும் அந்தக் கலைஞ்ச வால்ல எண்ண சர்ருனு ஏறி, முறுக்குன எடத்துக்கு வந்து மெதுவாச்சு. இத நான் சின்ன வயசுலருந்து ஒவ்வொரு கார்த்திகைக்கும் பாத்துட்டு இருக்கேன். ஒரு தடவகூட பாக்கலன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

நான் அத்தன நாளும் பஞ்சு எவ்ளோன்னு கேட்டுட்டு இருந்தேன். கேக்க வேண்டியது எந்த எடத்துல எவ்ளோன்னு.

காயிலுக்குள்ள பஞ்சு கொஞ்சம் டைட்டா இருக்கணும். ஒரு முனைய கூம்பா முறுக்கி உள்ள விட்டு இழுக்கும்போது லேசா பிடிக்கணும், துணி தைக்கும்போது தடிச்ச நூல் ஊசிக் காதுல போற மாதிரி ஒரு பிடிப்பு, ஆனா காயில் கூட நகர்ந்து வரக்கூடாது, வந்துச்சுன்னா தடி அதிகம். லூசா இருந்தா கம்பிக்கும் பஞ்சுக்கும் எடைவெளி விழுந்து அந்த எடம் கருகும். இது முடிஞ்சதும் ரெண்டு பக்க வாலையும் டேங்க் வெளி விளிம்பு அளவுக்கு சாய்வா நறுக்கிட்டு, ஒரு ஊசியால தலை வாருற மாதிரி வாரணும், உதிர்ற பஞ்சு உதிரட்டும், வாலு பாதி தடிமனுக்கு வந்துரும். அந்த மெலிஞ்ச வால ஜூஸ்ல நனைச்சு குழி மேல வெச்சு, ஓட்டைய மூடற அளவுக்கு மட்டும் தள்ளி விடணும். மூடணும், அடைக்கக்கூடாது. வாலுக்கு மேல வெளிச்சம் தெரியற மாதிரி சந்து இருந்தா ஒழுகும், குத்தி எறக்கினா மூச்சு முட்டும்.

அன்னிக்கு ராத்திரியே ஒண்ணு கட்டி, டேங்க் போடாம, ஒரு வாலோட முனைல மட்டும் ஒரு சொட்டு ஜூஸ் விட்டு டார்ச் அடிச்சுப் பாத்துட்டே இருந்தேன். வெள்ளையா இருந்த பஞ்சு கண்ணாடி மாதிரி ஆகிட்டே மேல வந்துச்சு, காயில் வாசல்ல ஒரு நிமிசம் தயங்குச்சு, அப்பறம் ஒவ்வொரு சுத்தா உள்ள போயி அந்தப்பக்கம் எட்டிப் பாத்துச்சு. பழைய மாதிரி குத்தி அடைச்ச இன்னொண்ணுல அதே சொட்டு வாலுலயே நின்னு போச்சு. ஜூஸையும் பாதிக்குப் பாதி கிளிசரின் இருக்கறதா மாத்திட்டேன், இந்த சின்ன டேங்குக்கு வெளக்கெண்ண பதம் ஒத்துவராது, நல்லெண்ண பதம்தான்.

இப்ப ஓடறது அதே 26 ஏடபிள்யூஜி, 3 மி.மீ., ஆறு சுத்து, 0.83 ஓம், 17 வாட்டு. புதுப் பஞ்சு போட்டா காயில் மேலயும் வால்லயும் நல்லா சொட்டு விட்டு, பளபளன்னு ஆனப்பறம் 10 வாட்டுல நாலு தடவ இழுக்காம சும்மா ஃபயர் பண்ணிட்டுதான் மூடுவேன். ரொப்பும்போது காத்து ஓட்டைய மூடி வெப்பேன், இல்லேன்னா ரொப்புன அழுத்தத்துல கீழ வந்துரும். பஞ்சு வாரம் ஒருதடவ மாத்தறேன், காயில் அதேதான், அஞ்சாவது வாரம் ஓடுது. பஞ்ச உருவிட்டு கொறஞ்ச வாட்டுல செவக்க வெச்சு, ஆறினப்பறம் தண்ணில அலசி பழைய டூத் பிரஷ்ஷால தேச்சா கருப்பு உதிர்ந்துரும். ரொம்ப இனிப்பா இருக்கற ஜூஸ் போட்டீங்கன்னா மூணே நாள்ல காயில் வெல்லப்பாகு புடிச்ச கரண்டி மாதிரி ஆயிடும்.

இதுல நான் வெளையாடாத ஒரே எடம் பேட்டரி. மோடுக்குள்ள போடற 18650 பேட்டரி ஒண்ணு முழுசா ஏத்தினா 4.2 வோல்ட். என் 0.83 ஓமுக்கு 17 வாட்டுல நாலரை ஆம்பியர்தான் போகும், பச்சப் புள்ள வெயிட்டு. இதுவே பெருசா பொகை வரணும்னு 0.2 ஓம் கட்டி, சர்க்யூட்டே இல்லாத மெக்கானிக்கல் மோட்ல வெச்சா 21 ஆம்பியர், 20 ஆம்பியர் தாங்கற நல்ல பேட்டரிக்கே அது எல்லைக்கு வெளிய. அந்த ரக மோட நான் தொடறதில்ல. மேல இருக்கற பிளாஸ்டிக் உறை கிழிஞ்சா புது உறை போடாம யூஸ் பண்றதில்ல, ஸ்பேர் பேட்டரிய சாவிக்கொத்து இருக்கற பாக்கெட்ல போடறதே இல்ல. ஊருக்குப் போகும்போது மொத்த செட்டையும் இங்கயே வெச்சுட்டுப் போயிடுவேன், இந்தியாவுல 2019லயே தடை, சிங்கப்பூர் வழியா போனீங்கன்னா அங்க கையில வெச்சிருக்கறதே குத்தம்.

போன ஞாயித்துக்கெழம அப்பா வீடியோ கால்ல வந்தாரு. டேபிள் மேல இருந்த கம்பி ரோல எடுத்து ஒளிக்க மறந்துட்டேன், அவரு கண்ணுக்கு கம்பி தப்புமா.

"அதென்ன கண்ணு கம்பி?"

"சின்ன ஹீட்டர் காயிலுங்ப்பா. சும்மா வீட்டுக்கு."

"எத்தன கேஜு?"

"26ங்ப்பா, ஆனா அமெரிக்கா கேஜு."

"அப்ப நம்ம 27க்கு கிட்டத்துல வரும்" அப்படின்னாரு, ஒரு செகண்டு ஆகல, நான் வெர்னியர் புடிச்சு ஒரு சாயங்காலம் ஒக்காந்தது ஞாபகம் வந்துச்சு. "எவ்ளோ நீளம் போடற?"

"ஏழரை சென்டிமீட்டருங்ப்பா."

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "ஏழரை சென்டிமீட்டர் கம்பில என்ன ஹீட்டருடா அது, எறும்புக்கு வெந்நி வெக்கறயா?"

பின்னாடி கிச்சன்லருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு, நான் சிக்னல் வீக்குன்னு சொல்லி கட் பண்ணிட்டேன்.